எந்த ஸ்லாட்னு சொல்லுங்க சார்!

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாவலுக்கு எழுதுகிறோம். புது ஓட்டலின் சாம்பாருக்குக்கூட நட்சத்திரம் கொடுக்கிறோம். ஆனால் கோடிக்கணக்கான பேர் வேறு வழியில்லாமல் படித்துத் தொலைக்கும் ஓர் உரைநடை வகைக்கு மட்டும் விமர்சகர்களே கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் வரும் எர்ரர் மெஸேஜ்! அதற்கு ஆசிரியர் பெயர் இல்லை, முன்னுரை இல்லை, ராயல்டி இல்லை. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு ஏ.ஸி. அறையில் ஓர் ஆளை வியர்க்க வைக்கும் சக்தி உண்டு. எந்தத் திகில் நாவலுக்கு அது வாய்த்திருக்கிறது?

இந்த வாரம் அந்த வகையில் ஒரு சின்னக் கிளையை மட்டும் விமர்சிக்கலாம் என்றிருக்கிறேன். பழைய சர்வர் ஒன்றில் கூடுதல் மெமரி செருகியதும் அது என்ன சொல்கிறது, எப்படிச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது?

'எனக்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம்?' என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். உங்கள் பெண்ணின் மார்க்கு, அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட், நீங்கள் கட்டிய வரிக்கான ரசீது எல்லாம் எங்கோ ஒரு சர்வரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அது எப்போதும் புதுசாக இருக்கும் என்று நம்பாதீர்கள். சின்னப் பள்ளிக்கூடம், அச்சகம், நர்ஸிங் ஹோம் என்றால் பெரும்பாலும் பெரிய கம்பெனி கழித்துக் கட்டிய பழசுதான். 2025 கடைசியில் ஏ.ஐ. கம்பெனிகள் மெமரியை மொத்தமாக வாரிக்கொண்டு போக, விலை கிடுகிடுவென்று ஏறியது. 'புதுசு வேண்டாம், இருக்கிறதிலேயே கொஞ்சம் ரேம் போட்டு ஓட்டுங்க' என்று சொல்ல முதலாளிகளுக்கு இன்னொரு காரணம் கிடைத்தது.

ஆக, ரிச்சி தெருவிலிருந்தோ இணையத்தில் யாரோ விற்றதிலிருந்தோ ரேம் வருகிறது. சர்வரின் மூடியைத் திறந்து செருகுகிறார்கள். பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன்கள் ஜெட் விமானம் மாதிரி கத்துகின்றன. அப்புறம்தான் அந்த உரைநடை ஆரம்பிக்கிறது.

*

முதலில் வகையின் வரலாறு. விமர்சனம் என்றால் மரபைச் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

1981-ல் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, ஆன் செய்ததும் அது தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். எல்லாம் சரி என்றால் ஒரு சின்ன 'பீப்'. மெமரியில் கோளாறு என்றால் திரையில் 201 என்று முடியும் ஓர் எண். அவ்வளவுதான். அந்த 201 என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் மேனுவலைத் தேட வேண்டும். ஆச்சரியம் என்னவென்றால், பல வருஷம் கழித்து வந்த ஹெச்.பி. ப்ரோலையன்ட் சர்வர்களின் கோளாறுப் பட்டியலிலும் 201 என்றால் மெமரிதான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது கம்ப்யூட்டர் குடும்பங்களிலும் உண்டு.

திரையே உயிர் பெறாதபோது பீப் மொழி. இதில் ஒவ்வொரு பயாஸ் தயாரிப்பாளருக்கும் ஒரு வட்டார வழக்கு. ஏ.எம்.ஐ. பயாஸில் மூன்று பீப் என்றால் அடிப்படை மெமரி அவுட். ஃபீனிக்ஸ் பயாஸில் ஒன்று, இடைவெளி, மூன்று, இடைவெளி, நான்கு, இடைவெளி, ஒன்று என்று ஒலித்தால் மெமரியின் முகவரிக் கம்பியில் தகராறு. விடியற்காலை இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இதை எண்ணிப் பாருங்கள். தாளம் தப்பினால் அர்த்தம் மாறிவிடும். மிருதங்க வித்வானுக்குச் சரி, நெட்வொர்க் ஆசாமிக்கு எதற்கு?

இப்போது 2009-க்கு வருவோம். அந்த வருஷம் வந்த டெல் பவர்எட்ஜ் ஆர்710, ஹெச்.பி. ப்ரோலையன்ட் டிஎல்380 ஜி6 ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டுமே உழைப்பாளிகள். இரண்டிலும் இரண்டு பிராசஸர், மொத்தம் 18 மெமரி ஸ்லாட். செகண்ட் ஹேண்டில் நிறையக் கைமாறியவை. கிட்டத்தட்ட ஒரே வயிற்றில் பிறந்த இந்த இரண்டு பெட்டிகளும் பேசுகிற விதத்தில்தான் வித்தியாசம்.

டெல்லின் முகப்பில் ஒரு சின்ன திரை. நலமாக இருந்தால் நீலம், கோளாறு என்றால் ஆரஞ்சு. அதில் மூன்று வாக்கியங்களைப் பாருங்கள். இ2010: மெமரி தென்படவில்லை, ரேமைப் பரிசோதிக்கவும். இ2011: மெமரி அமைப்பு தோல்வி, ரேமைச் சரிபார்க்கவும். இ2012: மெமரி அமைந்துவிட்டது, ஆனால் பயன்படுத்த முடியாது, ரேமைச் சரிபார்க்கவும்.

மூன்றாவதில் ஒரு தத்துவ மணம் வீசுவதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 18 ஸ்லாட் உள்ள பெட்டியைப் பார்த்து 'ரேமைச் சரிபார்க்கவும்' என்றால் எந்த ரேமை சார்? ஊருக்குள் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை, போய்ப் பாருங்கள் என்று டாக்டரை அனுப்புகிற மாதிரி.

அதே டெல், அதே திரை, இ2110 என்ற செய்தியில் இன்ன ஸ்லாட்டில் இருக்கும் ரேமில் பல பிட் பிழை, கழற்றி மறுபடி செருகவும் என்கிறது. இடத்தையும் சொல்லி, செய்ய வேண்டியதையும் சொல்லிவிட்டது. இது நல்ல உரைநடை. இரண்டையும் எழுதியது ஒரே கம்பெனி என்பதுதான் வியப்பு.

ஹெச்.பி.க்கு வருவோம். அதன் 207 என்ற எண்ணுக்குக் கீழே ஒரு குடும்பமே உண்டு. அதில் ஒன்று, 'பிராசஸர் இல்லாத பக்கத்தில் ரேம் செருகியிருக்கிறீர்கள்' என்று பட்டவர்த்தனமாகச் சொல்லும். இதற்கு என் ஓட்டு. என்ன நடந்தது என்பதோடு, எந்த விதி மீறப்பட்டது என்றும் அந்த ஒரே வரியில் இருக்கிறது. படித்தவர் சிரித்துக்கொண்டே ரேமைக் கழற்றி எதிர்ப்பக்கம் செருகிவிட்டுக் காபி சாப்பிடப் போகலாம். போதாக்குறைக்கு முகப்பில் ஒரு சின்னப் பலகையை இழுத்தால் போர்டின் படமே வரும். கெட்டுப்போன ரேமின் இடத்தில் விளக்கு எரியும். படம் பேசுகிற இடத்தில் வாக்கியம் வாயை மூடிக்கொள்வதும் நல்ல எழுத்துதான்.

*

சரி, அந்த 'விதி' என்ன? இதை மேனுவல்கள் பட்டியல் போட்டுச் சொல்கின்றன, காரணம் சொல்வதில்லை. நான் கல்யாணப் பந்தி வைத்துச் சொல்கிறேன்.

ஒரு பிராசஸருக்கு மூன்று பந்தி வரிசை. இன்ஜினீயர் பாஷையில் சேனல். வரிசைக்கு ஒரு பரிமாறுபவர், வரிசைக்கு மூன்று இலை. ஒன்பது இலை ஆச்சா? இரண்டு பிராசஸருக்குப் பதினெட்டு. இப்போது மூன்று விருந்தாளிகள் வருகிறார்கள். மூன்று பேரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தால், ஒரு பரிமாறுபவர் ஓடி ஓடி இளைக்க, மற்ற இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். வரிசைக்கு ஒருவராக உட்கார வைத்தால் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் சாம்பார் விழும். இதுதான் 'எல்லா சேனலிலும் சமமாக நிரப்பு' என்ற விதியின் காரணம்.

ஒவ்வொரு வரிசையிலும் முதல் இலை எது என்று காட்ட டெல்லில் வெள்ளைக் கொக்கி. ஹெச்.பி.யில் வெள்ளை ஸ்லாட், அப்புறம் ஏ, பி, சி என்று எழுத்து வரிசை. வெள்ளையை விட்டுவிட்டு நடுவில் எங்காவது செருகினால் சர்வர் சண்டைக்கு வரும். அதற்குப் பெயர்தான் 'மெமரி அமைப்பு தோல்வி'.

இன்னொரு விஷயம். ஒரு வரிசையில் மூன்று இலையும் நிறைந்துவிட்டால் பரிமாறும் வேகம் குறையும். ஆர்710-ல் ரேமின் மேல் 1333 என்று அச்சடித்திருந்தாலும், மூன்றாவது ஸ்லாட்டையும் நிரப்பியதும் 800-க்கு இறங்கிவிடும். மெமரி கூடியதும் வேகம் குறைகிறது! செட்டப் திரையில் 800 என்று எழுதிக் காட்டும். ஏன் 800 என்று ஒரு வார்த்தை கிடையாது. பாவம், வாங்கி வந்தவர் கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக நினைத்துச் சண்டைக்குப் போவார்.

அடுத்தது குணாதிசயம். வீட்டுக் கம்ப்யூட்டரின் ரேமும் சர்வர் ரேமும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் பெரும்பாலான சர்வர் ரேமில் 'ரெஜிஸ்டர்' என்ற ஒரு நடுவர் சில்லு உண்டு. பிராசஸர் சொல்கிற கட்டளையை வாங்கித் திரும்பச் சொல்வது அதன் வேலை. பொதுக்கூட்டத்தில் தலைவர் பேசுவதை நடுவில் ஒருவர் நின்று பின்வரிசைக்குத் திருப்பிச் சொன்னால், தலைவர் தொண்டை கிழியாமல் இன்னும் பெரிய கூட்டத்துக்குப் பேசலாம். அதே தத்துவம். நடுவர் உள்ள ரேமும் இல்லாத ரேமும் ஒரே சர்வரில் சேர்ந்து வேலை செய்யாது.

இங்கேதான் வடிவமைப்பின் மேல் என் பெரிய குற்றச்சாட்டு. டிடிஆர்3-ல் இரண்டுக்கும் 240 கால். அடியில் இருக்கும் வெட்டுப் பள்ளம்கூட ஒரே இடத்தில். ஆக, தப்பான ரேம் 'க்ளிக்' என்று அழகாக உட்காரும். உட்கார்ந்தபின் இயங்காது. கதவைத் திறந்து, வரவேற்று, நாற்காலி போட்டு, பிறகு 'யார் சார் நீங்க?' என்று கேட்பது எந்த ஊர் நாகரிகம்? டிடிஆர்2 ரேமை டிடிஆர்3 ஸ்லாட்டில் செருக முடியாது, பள்ளம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பள்ளம்தான் உலகத்தின் மிகச் சிறந்த எர்ரர் மெஸேஜ். ஒரு வார்த்தை பேசாமல், தப்பு நடக்கும் முன்பே தடுக்கிறது. டிடிஆர்5 வந்தபோதுதான் இந்த இரண்டு வகைக்கும் பள்ளத்தை இடம் மாற்றி வைத்தார்கள். இந்தப் புத்தி வர எத்தனை தலைமுறை!

*

செய்தி தெளிவாக இல்லாத இடத்தில் என்ன முளைக்கும்? மூடநம்பிக்கை.

நம் ஊரில் ரேம் என்றதும் ஓடி வரும் வைத்தியம், பென்சில் ரப்பர். கழற்று, தங்க நிறக் கால்களை ரப்பரால் தேய், ஊது, செருகு. பல சமயம் வேலையும் செய்துவிடும். ஆனால் குணமானதற்குக் காரணம் அநேகமாக ரப்பர் இல்லை. கழற்றிச் செருகுகிற அந்த உரசலிலேயே காலின் மேல் படிந்த மெல்லிய அழுக்கு விலகிவிடும். சரியாக உட்காராதது சரியாக உட்காரும். ரப்பரோ அந்த மெல்லிய தங்கப் பூச்சைச் சுரண்டும், துகளையும் விட்டுவிட்டுப் போகும். துடைத்தே ஆக வேண்டும் என்றால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் பஞ்சு உதிராத துணியும் போதும்.

மூடநம்பிக்கைக்கு மாற்று, பொறுமையான விசாரணை. இதை ஒரு துப்பறியும் கதையாகவே சொல்லலாம்.

முதலில் பவர் கேபிளை உருவுங்கள். சர்வருக்கு இரண்டு பவர் சப்ளை, ஆகவே இரண்டு கேபிள். ஒன்றை உருவிவிட்டு மற்றதை மறப்பவர்கள் உண்டு. சுவிட்சை அணைத்தாலும் போர்டில் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் இரண்டையும். உலோகப் பெட்டியைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்குங்கள். எது எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு புது ரேம் அத்தனையையும் எடுத்துவிட்டு, பழைய நிலையில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் போர்டு நிரபராதி. அடுத்து, புது ரேமில் ஒன்றே ஒன்றை முதல் ஸ்லாட்டில் மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். ஓடுகிறதா? அடுத்தது. ரேம் நிறைய இருந்தால் பாதி பாதியாகப் பிரியுங்கள். பன்னிரண்டில் ஆறு, ஆறில் மூன்று என்று நாலைந்து தடவையில் குற்றவாளியை வளைத்துவிடலாம்.

இப்போது முக்கியமான கேள்வி. சந்தேகப்படும் ரேமை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் கோளாறு அதன் பின்னாலேயே போகிறதா, அல்லது பழைய ஸ்லாட்டிலேயே தங்குகிறதா? பின்னால் போனால் ரேம் குற்றவாளி. தங்கினால் ஸ்லாட். அப்படித்தானே?

இல்லை, இங்கே கதையில் ஒரு திருப்பம். இந்தத் தலைமுறை ஸியான் சர்வர்களில் மெமரியை ஆட்டிப் படைக்கும் கன்ட்ரோலர் பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ஒரு வரிசை முழுக்கச் செத்துக் கிடந்தால், அந்த வரிசையின் ஸ்லாட்டை மட்டும் முறைத்துப் பார்த்துப் பயனில்லை. பிராசஸர் உட்காரும் சாக்கெட்டில் தலைமுடி கனத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகள். அதில் ஒன்று வளைந்திருந்தாலும் ஒரு வரிசை காணாமல் போகலாம். செத்த பிணம் ஸ்லாட்டில், கொலையாளி பக்கத்துத் தெருவில்! இந்த ஒரு தகவலை 'மெமரி அமைப்பு தோல்வி' என்ற செய்தியோடு ஒரு வரி சேர்த்திருந்தால் எத்தனை நல்ல ரேம்கள் குப்பைக்குப் போகாமல் தப்பித்திருக்கும்!

*

குற்றமே நடக்காத வழக்குகளும் உண்டு. 48 ஜிபி போட்டிருக்கிறேன், 32 தான் காட்டுகிறது என்று ஒருவர் புலம்புவார். ரேமைக் கழற்றி மாட்டி நாள் போகும். கடைசியில் பார்த்தால் ஓடிக்கொண்டிருப்பது விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 ஸ்டாண்டர்ட். அதன் உச்சவரம்பே 32 ஜிபிதான். மீதியைத் தொடாது. (2020-லேயே அதற்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. அதை ஓட்டுவது தனிக் குற்றம்.) இன்னொருவருக்குப் போட்டதில் சரிபாதிதான் தெரியும். பயாஸில் 'மிரர்' என்று யாரோ எப்போதோ தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள். ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதும் பாதுகாப்பு ஏற்பாடு அது. ஆகவே பாதிதான் கிடைக்கும். ஆர்710-ல் 'அட்வான்ஸ்டு ஈசிசி' என்ற நிலையில் வைத்தால் மூன்று வரிசையில் ஒன்று முழுக்கக் காலியாகக் கிடக்கும். இலை போட்டாச்சு, விருந்தாளியும் உட்கார்ந்தாச்சு, சாப்பாடு மட்டும் வராது.

இந்த மூன்று இடத்திலும் கோளாறு கிடையாது. இயந்திரத்துக்குக் காரணமும் தெரியும். 'மிரர் நிலையில் இருப்பதால் பாதி மெமரி ஒதுக்கப்பட்டது' என்று, குறைவாகத் தெரிகிற அதே இடத்தில் ஒரு வரி எழுத எத்தனை பைட் செலவாகும்? நூறு? பல ஜிபி மெமரியை நிர்வகிக்கிறவருக்கு நூறு பைட்டுக்குக் கஞ்சத்தனம்.

*

இதுவரை சொன்னதெல்லாம் தொந்தரவுதான், ஆபத்தில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 'மெமரியின் அளவு மாறியிருக்கிறது, தொடர எஃப்1 அழுத்தவும்' என்று ஒரு செய்தி வரும். அழுத்தினால் சர்வர் ஓடும். எல்லோரும் கைகுலுக்கி வீட்டுக்குப் போவார்கள்.

ஓடுகிறது என்பதும் சரியாக இருக்கிறது என்பதும் வேறு வேறு.

மெமரியில் ஒரு பிட் தானாகப் புரண்டுகொள்ளும். 1 இருந்த இடத்தில் 0. கற்பனை இல்லை. 1978-ல் இன்டெல்லில் டிமோத்தி மே, மர்ரே வுட்ஸ் என்ற இருவர், சில்லை மூடியிருக்கும் உறையில் கலந்திருந்த கதிரியக்கத் துளியே பிட்டைப் புரட்டுகிறது என்று கண்டுபிடித்தார்கள். பிறகு 2009-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடரும் கூகுளைச் சேர்ந்த இருவரும் கூகுளின் சர்வர்களை இரண்டரை வருஷம் கண்காணித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு வருஷத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு சர்வருக்கு ஒரு முறையாவது மெமரிப் பிழை. ரேம்களில் நூற்றுக்கு எட்டுக்கு மேல். நினைத்ததைவிட ரொம்ப அதிகம். ஒரு முறை பிழைத்த ரேம் மறுபடி மறுபடி பிழைக்கிறது என்பதும் தெரிந்தது.

அப்படியானால் உலகம் எப்படி ஓடுகிறது? ரிச்சர்ட் ஹாமிங் புண்ணியத்தில். 1940-களின் கடைசியில் பெல் லேபில் ஹாமிங்குக்கு வார இறுதியில்தான் கம்ப்யூட்டர் கிடைக்கும். அந்த இயந்திரம் பிழையைக் கண்டால் அவருடைய கணக்கைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்தவருடையதுக்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. அடுத்த வாரமும் அதே கதை. வெறுத்துப்போய், தப்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, தப்பு எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்தத் தெரியக் கூடாதா என்று யோசித்தார். 1950-ல் வழி சொன்னார்.

மளிகைக்கடை பேரேட்டில் குறுக்காகவும் நெடுக்காகவும் கூட்டல் போடுவார்கள் அல்லவா? ஓர் எண் தப்பானால் ஒரு வரிசையும் ஒரு பத்தியும் உதைக்கும். இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் தப்பு. ஏறக்குறைய அந்த யோசனைதான். சர்வர் ரேமில் 64 பிட் தகவலுக்கு 8 பிட் காவல். ஒரு பிட் புரண்டால் திருத்திவிடும். இரண்டு புரண்டால் தப்பு என்று தெரியும், எது என்று தெரியாது, ஆகவே நிறுத்திவிடும். இதற்குப் பெயர் ஈசிசி.

இதில் ஒரு சோகம். 1981-ன் ஐ.பி.எம். பி.சி.யிலேயே எட்டு பிட்டுக்கு ஒரு காவல் பிட் இருந்தது. திருத்தத் தெரியாது, ஆனால் தப்பு என்றால் கையைத் தூக்கி நின்றுவிடும். 1990-களின் நடுவில் காசு மிச்சம் பிடிக்க, வீட்டுக் கம்ப்யூட்டர்களிலிருந்து அந்தக் காவலையும் எடுத்துவிட்டார்கள். தப்பைச் சொன்ன இயந்திரத்தின் வாயை அடைத்து, விலை குறைந்ததாகச் சந்தோஷப்பட்டோம். கெட்ட மெஸேஜை இவ்வளவு நேரம் திட்டினேன். அதைவிட மோசம் மெஸேஜே வராதது.

சர்வரில் நல்ல வேளையாகக் காவல் இருக்கிறது. ஆனால் அது திருத்தியதையெல்லாம் உள்ளே ஒரு நோட்டுப் புத்தகத்தில், சிஸ்டம் ஈவென்ட் லாக் என்பதில், எழுதி வைத்துவிட்டு வெளியே சிரித்துக்கொண்டிருக்கும். நல்ல மருமகள் மாதிரி, ஒரு நாள் வெடிக்கும்வரை வெளியே தெரியாது. புது ரேம் போட்டதும் மெம்டெஸ்ட் போன்ற இலவசச் சோதனையை ஒரு ராத்திரி ஓடவிட்டு 'பிழை பூஜ்யம்' என்று நிம்மதி அடைவார்கள். ஒரு பிட் பிழை என்றால் சோதனைக்குத் தெரியும் முன்பே காவல் திருத்தியிருக்கும்! ஆகவே அந்த நோட்டையும் படிக்க வேண்டும். செருகிய மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து. ஒரே ஸ்லாட்டின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், ஓடுகிறதே என்று பார்க்காமல் அந்த ரேமை மாற்றிவிடுங்கள். உள்ளே இருப்பது யாரோ ஒருவரின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்.

*

தீர்ப்பு.

மேனுவல்களுக்கு நூற்றுக்கு நாற்பது. பட்டியல்கள் துல்லியம். எந்தக் கலவை ஓடும் என்று வரிசை வரிசையாகக் கட்டம் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஏன் என்று சொல்வதில்லை. விதி மட்டும் தெரிந்தவர் பட்டியலில் இல்லாத நிலைமை வந்தால் திருதிருவென்று விழிப்பார். காரணம் தெரிந்தவர் சமாளிப்பார். தவிரவும், 'ஆதரிக்கப்படும் மெமரியை மட்டுமே பயன்படுத்தவும்' என்று எழுதுவது, நல்ல அரிசியில் சமைத்தால் சாதம் நன்றாக வரும் என்கிற மாதிரி. எது நல்ல அரிசி? கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிய ரேமைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே சாம்ஸங், ஹைனிக்ஸ், மைக்ரான் சில்லுகள்தான். கம்பெனி சோதித்துப் பார்த்துத் தருகிறது என்ற நியாயம் உண்டு. அதைச் சொல்லிவிட்டு, எந்த வகை, எத்தனை ரேங்க், எந்த வோல்டேஜ் என்று பளிச்சென்று எழுதினால் வாங்குகிறவர் தானே முடிவு செய்துகொள்வார்.

எர்ரர் மெஸேஜ்களுக்குத் தனித்தனி மார்க். இடத்தைச் சொன்ன டெல் இ2110-க்கும், மீறிய விதியைச் சொன்ன ஹெச்.பி. 207-க்கும் ஃபர்ஸ்ட் கிளாஸ். 'ரேமைச் சரிபார்க்கவும்' கோஷ்டிக்கு ஃபெயில்.

முதல் பரிசு யாருக்குத் தெரியுமா? சர்வர் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் படத்துக்கு. ஸ்லாட்டின் வரைபடம், எதை முதலில் நிரப்புவது, எந்தக் கொக்கியை எப்படி அழுத்துவது எல்லாம் நாலைந்து கோடுகளில். மூடியைத் திறந்தால்தான் தேவைப்படும், மூடியைத் திறந்ததும் கண்ணில் படும். எழுதியவருக்கு, படிக்கிறவர் ஒரு கையில் ரேமும் மறு கையில் டார்ச்சுமாக நிற்பார் என்று தெரிந்திருக்கிறது.

இந்த அளவுகோலை நீங்கள் எங்கும் எடுத்துப் போகலாம். கவுன்ட்டரில் ஒருவர் தலையைத் தூக்காமல் 'சர்வர் டவுன் சார், நாளைக்கு வாங்க' என்கிறாரே, அதுவும் ஓர் எர்ரர் மெஸேஜ்தான். என்ன ஆச்சு, எங்கே, ஏன், நான் என்ன செய்யணும் என்ற நாலில் ஒன்றுக்காவது அதில் பதில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கோபப்படாமல் கேளுங்கள்: "எந்த சர்வர், எத்தனை மணிக்கு வரும்னு சொல்லுங்க சார்!"

பதில் வராமல் போகலாம். கேட்டுக்கொண்டே இருந்தால், ஒரு தலைமுறை கழித்தாவது பள்ளத்தை இடம் மாற்றி வைப்பார்கள்.